சமையல் புத்தகமும் வெண்ணெய்ப் பழமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ டேனரியில்தானே இருக்கே, தோல் பதனிடும் தொழிலின் இன்றைய சவால்கள்னு பேசு" என்றார். "அண்ணே, அதைக் கேட்டால் பாதிப் பேர் தூங்கிடுவாங்க. நான் சமையல் புத்தகத்தைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசு. ஆனா சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிடாதே" என்றார். ஆகவே இந்தத் தலைப்புக்கு நானே முழுப் பொறுப்பு.

என் வீட்டில் 212 சமையல் புத்தகங்கள் இருக்கின்றன. போன வாரம் எண்ணிப் பார்த்தேன். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், சிலர் பழைய காசு சேர்ப்பார்கள். எனக்கு இது. சென்னையில் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். சென்னைக்கு ஆபீஸ் வேலையாகப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு மணி நேரம் நிற்பேன். குக்கர் வாங்கினால் கூடவே கொடுக்கும் சிறு புத்தகம், பத்திரிகையோடு இலவசமாக வந்த 'முப்பது வகை' இணைப்புகள், மல்லிகா பத்ரிநாத்தின் சிறு நூல்கள், முசௌரிக்குப் பக்கத்தில் லண்டூர் மலையில் வெளிநாட்டு மிஷனரிப் பெண்கள் சேர்ந்து தொகுத்த புத்தகம் என்று எல்லாம் உண்டு. அட்டை கிழிந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் படிந்த பக்கம் என்றால், யாரோ அதைப் படித்துச் சமைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"சமையலை யாராவது புத்தகத்தைப் பார்த்துக் கத்துக்குவாங்களா? அது கைப்பக்குவம்" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்குப் பதில் நம் தமிழிலேயே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணர்களுக்கு விருந்து வைக்கிறான். பீமசேனன் செய்த சமையல் நூலின் முறை தவறாமல் ஆக்கிய பலவகை உணவு என்று புலவர் நத்தத்தனார் அதைச் சொல்கிறார். சங்க காலத்திலேயே 'புத்தகப்படி செய்த சமையல்' என்பது ஒரு பெருமை! அந்தப் பாட்டில் வேலூர் என்றும் ஆமூர் என்றும் ஊர்ப் பெயர்கள் வருகின்றன. நம்ம வேலூர், நம்ம ஆம்பூர் என்று உடனே கை தட்டிவிடாதீர்கள். அவை திண்டிவனம் பக்கத்து ஊர்கள்.

பிற்காலத்தில் தஞ்சை சரபோஜி மன்னர் அரண்மனைச் சமையலைச் சொல்லும் சரபேந்திர பாகசாஸ்திரம் சரஸ்வதி மகால் நூலகத்தில் கிடைத்தது. அது அரண்மனைச் சமாசாரம். நம் போன்ற நடுத்தர வீட்டு அடுப்பங்கரைக்குள் வந்த புத்தகம் என்றால் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. முதல் பாகம் 1951-ல் வந்தது. கல்யாணமாகி வெளியூரும் வெளிநாடும் போன பெண்களின் பெட்டியில் பட்டுப் புடவையோடு இந்தப் புத்தகமும் போனது. அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லாத ஒரு பெண், டெல்லியிலோ லண்டனிலோ தனியாக நின்றுகொண்டு சாம்பார் வைக்க முடிந்தது. சமையல் புத்தகம் யாருக்காக எழுதப்படுகிறது என்பது எனக்கு அதிலிருந்துதான் புரிந்தது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவருக்காக எழுதப்படுகிறது. தெரிந்தவருக்கு அது தேவையே இல்லை.

அப்படி எழுதுவதில் ஒரு கஷ்டம் உண்டு. அதுதான் அளவு.

"உப்பு தேவைக்கேற்ப" என்று எழுதுவது சுலபம். தேவை எவ்வளவு என்று தெரிந்தவனுக்குப் புத்தகம் எதற்கு? இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் என்ற அம்மையார் 1845-ல் எழுதிய நூலில், ஒவ்வொரு செய்முறையின் முடிவிலும் என்னென்ன சாமான், எவ்வளவு என்று தனியாகப் பட்டியல் போட்டார். அதற்கு முன் வந்தவர்கள் கதை சொல்வதுபோல எழுதிக்கொண்டு போவார்கள். பாதி சமைத்த பிறகுதான் வீட்டில் இஞ்சி இல்லை என்று தெரியும். அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896-ல் இன்னொரு படி மேலே போனார். ஒரு ஸ்பூன் என்றால் தலை தட்டின ஸ்பூன், கோபுரம் கூடாது என்று சொல்லிவிட்டார். நம் வீடுகளில் 'தலை தட்டி ஒரு படி' என்று சொல்வோமே, அதேதான்.

நம் பழைய புத்தகங்களில் ஆழாக்கு, படி, பலம், ரூபாய் எடை என்றுதான் இருக்கும். 8 ஆழாக்கு ஒரு படி. பலம் என்றால் ஏறக்குறைய 35 கிராம். 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, 1960-களில் கிலோவும் லிட்டரும் கடைக்கு வந்துவிட்டன. ஆனால் அடுப்பங்கரையில் ஆழாக்கு உடனே போய்விடவில்லை. அதிலும் படி ஊருக்கு ஊர் மாறும். எந்த ஊர்ப் படி என்று புத்தகம் சொல்லாது.

இப்போது என் தொழிலுக்குக் கொஞ்சம் வருகிறேன். டேனரியிலும் 'ரெசிபி' என்றுதான் சொல்வோம். சமையல்கட்டில் சொல்கிற அதே வார்த்தை. சுண்ணாம்பு போட்டு, சதை சீவி, தோலை எடை போடுவோம். அந்த எடையை 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அதன் மேல் சதவீதக் கணக்கு. பேசிக் குரோமியம் சல்பேட் 8 சதவீதம் என்று எழுதியிருந்தால், டிரம்மில் 500 கிலோ தோல் போனாலும் 2,000 கிலோ போனாலும் குழப்பம் இல்லை. குரோமுக்கு முன்னால் 'பிக்கிள்' என்று ஒரு கட்டம் உண்டு, உப்பும் அமிலமும். அதில் உப்பைக் குறைத்துவிட்டு அமிலத்தை ஊற்றினால் தோல் உப்பிக் கெட்டுப்போகும். உப்பை அள்ளிக் கொட்டினால் தோல் தப்பிக்கும், பாலாறு தப்பிக்காது. கழிவுநீரில் போகும் உப்பு மண்ணிலும் கிணற்றிலும் வந்து உட்காரும். நம் ஊர்க் கிணறுகளுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதை இங்கே சுற்றுச்சூழல் பாடம் படித்தவர்கள் அறிவார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். கைக்கணக்குக்கு யாரோ ஒருவர் எங்கோ விலை கொடுக்கிறார் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி என் வீட்டுக் கதை. 2016-ல் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சும் போனது. நாம் சொல்வது புரியும், தலையாட்டுவார், வார்த்தை வராது. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் அதுவரை காப்பி கூடப் போட்டதில்லை. நான் ஆம்பூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள்தான் குடியாத்தம் போக முடியும். சமைக்க ஆள் வைக்கலாம் என்றேன். அப்பா, "அவ கையால முப்பத்தஞ்சு வருஷம் தின்னவன்டா நான். இப்ப என் கையால அவ தின்னட்டும்" என்றார். பரண் மேலிருந்து அம்மாவின் 'சமைத்துப் பார்' இறங்கியது.

அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அம்மாவின் பென்சில் எழுத்து. "மிளகாய் 4 வேண்டாம், 2." "புளி பாதி போதும், இவருக்கு நெஞ்செரிச்சல்." "பெரியவன் தொடமாட்டான்." அந்தப் பெரியவன் நான்தான். அப்பா நாற்காலியைப் போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படிப்பார். சரி என்றால் அம்மா தலையாட்டுவார். இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வார். பேச்சு போன பிறகு அவர்கள் இரண்டு பேரும் அதிகமாகப் பேசிக்கொண்டது அந்தப் புத்தகத்தை வைத்துத்தான்.

ஒரு நாள் சிக்கல் வந்தது. "1 ஆழாக்கு பருப்பு" என்று இருக்கிறது. ஆழாக்கு என்றால் எது? எங்கள் வீட்டில் ஆழாக்கு என்று ஒரு பாத்திரமே கிடையாது. அம்மா எதில் அளந்தார்? அப்பா அலமாரியில் இருந்த டம்ளர்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். கண்ணை மூடினார், மூடினார், மூடினார். கடைசியில் அடி நசுங்கின ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளருக்குத் தலையாட்டினார். அந்த வார இறுதியில் நான் போய்த் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன். 170 மில்லி. புத்தகத்தின் முதல் பக்கத்தில் "இந்த வீட்டு ஆழாக்கு 170 மி.லி." என்று எழுதி வைத்தேன். அம்மாவின் முப்பத்தைந்து வருஷச் சமையலுக்குச் சாவி அந்த டம்ளர். நல்லவேளை, தலையாட்ட அம்மா இருந்தார். அந்த வாரத்திலிருந்துதான் நான் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தேன்.

வெண்ணெய்ப் பழத்துக்கு வருகிறேன். அவகாடோ என்று இங்கிலீஷிலும், பட்டர் ஃப்ரூட் என்று ஜூஸ் கடையிலும் சொல்வது இதைத்தான். பூர்வீகம் மெக்சிகோ. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வழியாக நம் நாட்டுக்கு வந்தது. நம் மாநிலத்தில் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம், நீலகிரியில் பர்லியார் பக்கம், ஏற்காட்டில் எல்லாம் காய்க்கிறது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. என்னிடம் இருக்கும் பழைய தமிழ்ச் சமையல் புத்தகம் ஒன்றில் கூட இந்தப் பழம் இல்லை. எனக்கு இதைக் காட்டியவன் நம் விடுதியில் என் அறை நண்பன். ஏற்காட்டுக்காரன். அவர்கள் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரங்களோடு இதுவும் நிற்கும். ஆவணி மாதம் ஒரு சாக்கு கொண்டுவருவான். மரத்தில் இது பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும் என்று சொல்லி, துணிப் பெட்டிக்குள் வாழைப்பழத்தோடு வைப்பான். காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அமுக்கினால் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பதம்.

அம்மாவுக்குக் கட்டியில்லாமல் மசித்த உணவுதான் கொடுக்க வேண்டும் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மையார் சொன்னபோது எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வந்தது. அடுப்பு வேண்டாம், வேகவைக்க வேண்டாம், வெண்ணெய் மாதிரி மசியும். 100 கிராமில் 160 கலோரி. கொழுப்பு 15 கிராம் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி கடலை எண்ணெயிலும் இருக்கும் ஓலியிக் அமில வகை. நார்ச்சத்து 7 கிராம் வரை உண்டு.

இப்போது நான் செய்கிற சாலடைச் சொல்கிறேன். பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தயிர் வெங்காயத்துக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று வையுங்கள். டேனரி முறைப்படி சதவீதத்தில் சொல்கிறேன். தோலும் கொட்டையும் நீக்கின பழச் சதை 100 சதவீதம். நடுத்தரப் பழம் ஒன்றில் ஏறக்குறைய 200 கிராம் வரும். சின்ன வெங்காயம் 25 சதவீதம், அதாவது 50 கிராம். விதை நீக்கின தக்காளி 30, அதாவது 60 கிராம். பச்சை மிளகாய் 2, கொத்தமல்லித் தழை 4, தோல் நீக்கி ஒன்றிரண்டாய் உடைத்த வறுத்த வேர்க்கடலை 10. எலுமிச்சைச் சாறு 6, அதாவது 12 கிராம், பெரும்பாலும் அரைப் பழம். உப்பு 1 சதவீதம், 2 கிராம். தலை தட்டின டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. மிளகுத்தூள் மேலே ஒரு சிட்டிகை.

வரிசை முக்கியம். முதலில் நறுக்கின வெங்காயத்தையும் மிளகாயையும் உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பிசறிப் பத்து நிமிஷம் வையுங்கள். இது நம்ம பிக்கிள் கட்டம். வெங்காயத்தின் காரம் அடங்கும். பிறகு தக்காளி. கடைசியில்தான் பழம், அரை அங்குலத் துண்டுகளாக. கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைக் குலுக்கிப் புரட்டுங்கள். கடலையும் தழையும் மேலே. அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மசித்துக் கொடுப்பதானால் வெங்காயம், கடலை, மிளகாய், தழை எதுவும் வேண்டாம். பழம், உப்பு, எலுமிச்சை மட்டும்.

அரை மணி என்று ஏன் சொல்கிறேன்? நறுக்கிய பழம் கறுக்கும். கத்திரிக்காய் நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதே காரணம். பழத்தில் பாலிஃபீனால்கள் இருக்கின்றன, அவற்றைக் காற்றோடு சேர்த்துக் கறுக்க வைக்கும் ஒரு நொதியும் இருக்கிறது. அமிலம் பட்டால் அந்த நொதி மந்தமாகிவிடும். அதற்குத்தான் எலுமிச்சை. இந்தப் பாலிஃபீனால் நம் ஊருக்குப் புதிதல்ல. குரோம் வருவதற்கு முன்னால் நம் ஊரில் தோல் பதனிட்ட ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் டானின் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வெண்ணெய்ப் பழத்தின் கொட்டையைத் தண்ணீரில் கொதிக்க வையுங்கள், அதிலிருந்தே செம்மண் கலரில் சாயம் இறங்கும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. டேனரியில் 'லைம்' என்றால் சுண்ணாம்பு, பி.எச். 12. சமையல்கட்டில் 'லைம்' என்றால் எலுமிச்சை, பி.எச். 2 சொச்சம். நம் பையன்கள் யாராவது சமைக்கப் போனால் இந்த இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்!

எலுமிச்சையை நான் முதலில் 8 சதவீதம் என்றுதான் என் நோட்டில் எழுதியிருந்தேன். ஒரு வருஷப் பயிற்சிக்குப் பிறகு அம்மா இடது கையால் பென்சில் பிடிக்க ஆரம்பித்தார். அந்த நோட்டை வாங்கி, 8-ஐ அடித்துவிட்டு, கோணல் மாணலாக 6 என்று எழுதினார். அம்மா சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நானும் ருசித்துப் பார்த்தேன், 6 தான் சரி.

நண்பர்களே, உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, தம்பிகளுக்கு. நாளைக்கு நீங்கள் ராணிப்பேட்டையிலோ ஒரகடத்திலோ சிங்கப்பூரிலோ ஒரு அறையில் தனியாக இருப்பீர்கள். நம் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் அக்காமார்களைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து வீட்டுக்கே சமைத்து வைத்துவிட்டுத்தான் கம்பெனி பஸ் பிடிக்கிறார்கள். ஷிஃப்டு முடிந்து போனதும் மறுபடி அடுப்பு. அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கும் கை உண்டு. பட்டம் வாங்குவதற்குள் ஐந்து சமையலாவது கற்றுக்கொள்ளுங்கள். அடுப்பே இல்லாத அறையிலும் இந்தச் சாலடில் தொடங்கலாம். பழத்தின் விலை பயமுறுத்தினால் அதே அளவில் வெள்ளரிக்காய் போடுங்கள்.

இரண்டாவது, எல்லோருக்கும், சங்கத்துக்கும். ஆம்பூர் பிரியாணி உலகத்துக்கே தெரியும். சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தட்டுமேல் தணல் என்று பேச்சில் எல்லோரும் சொல்வோம். தேக்சாவின் முன்னால் நிற்கும் மாஸ்டரின் கண்ணில் இருக்கிற அளவு எந்தக் காகிதத்தில் இருக்கிறது? நம் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை எப்படிச் சமைப்பது என்று உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். எழுதி வைத்திருக்கிறீர்களா? வாணியம்பாடியில், பேரணாம்பட்டில், மேல்விஷாரத்தில், குடியாத்தத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. ஒவ்வொருவரும் உங்கள் வீட்டிலிருந்து ஒரே ஒரு சமையல் எழுதிக் கொடுங்கள். சமைப்பவர் அம்மாவோ அத்தையோ மாஸ்டரோ, பக்கத்தில் ஒரு தராசு வைத்து, அவர் கை அள்ளுவதை அள்ளினபடியே எடை போடுங்கள். "கொஞ்சம்" என்று எழுதாதீர்கள். "எங்கள் வீட்டு டம்ளர்" என்று எழுதினால் அது எத்தனை மில்லி என்று சேர்த்து எழுதுங்கள். அடுத்த மலரில் 50 பக்கம் அதற்கு ஒதுக்கச் செயலாளர் ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். அவர் தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது. கண்ணை மூடவில்லை!

அம்மா இப்போது மெதுவாகச் சில வார்த்தைகள் பேசுகிறார். அப்பா வைக்கும் ரசம் தெருவில் பிரசித்தம். அந்த நசுங்கின டம்ளரை யாரும் தண்ணீர் குடிக்க எடுக்கக்கூடாது என்பது வீட்டில் சட்டம்.